‘ஆள் மாத்துங்க, மேடம்!’

முதியோர் இருக்கும் வீடுகளுக்குப் பராமரிப்பாளர்களை அனுப்பி, அவர்களுக்குப் பொறுப்பேற்கும் சூப்பர்வைசர்களைப் பற்றி…

காலை 6.50. மேற்கு மாம்பலத்து அடுக்ககம் ஒன்றின் இரண்டாவது மாடி. இரவு டியூட்டி முடிந்த பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். ஏழு மணிக்கு வர வேண்டியவரின் போன் ‘ஸ்விட்ச் ஆஃப்’. உள்ளே பக்கவாதத்தில் படுத்திருக்கும் 82 வயதுப் பெரியவருக்கு எட்டு மணிக்கு மூக்குக் குழாய் வழியே கஞ்சி போயாக வேண்டும். அவருடைய மனைவிக்கு வயது 77. கணவரை ஒருக்களித்துப் படுக்க வைக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை. டல்லாஸிலிருக்கும் மகன் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் மூன்று கேள்விக்குறிகளைப் போட்டுவிட்டார். வாசலில் நிற்பவர், வீட்டம்மா, மகன் ஆகிய மூவரின் அழைப்பும் ஒரே எண்ணுக்குத்தான் போகிறது.

அந்த எண்ணுக்குரியவர் வளசரவாக்கத்தில் தன் பிள்ளைக்கு டிபன் கட்டிக்கொண்டே போனைத் தோளில் இடுக்கிப் பேசுகிறார். “அக்கா, ஒரு மணி நேரம் மட்டும் இருந்துடுங்க. ஓவர்டைம் போட்டுடறேன். எட்டு மணி ஃபீடு குடுத்துட்டுக் கிளம்பிடலாம்.” அடுத்த அழைப்பு வீட்டம்மாவுக்கு, அதற்கடுத்தது அசோக் நகரில் இன்று ‘ஆஃப்’பில் இருக்கும் இன்னொரு பராமரிப்பாளருக்கு. ஏழரைக்குள் மாற்று ஆள் புறப்பட்டாகிவிடும். அதற்குள் நங்கநல்லூரிலிருந்து வேறொரு குரல்: “ஆள் மாத்துங்க, மேடம். இவங்க போனையே பார்த்துக்கிட்டிருக்காங்க.”

சென்னையில் எந்தக் கிழமையிலும் நடக்கக்கூடிய காட்சிதான். வீட்டுப் பராமரிப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பெற்றோரைத் தனியே விட்ட பிள்ளைகள், படுக்கையில் கிடக்கும் முதியவர், சம்பளத்துக்கு வரும் பெண் என்று மூன்று பேர் பேச்சில் வருகிறார்கள். அந்த ஏற்பாட்டைக் கலையாமல் பிடித்து வைத்திருக்கும் நான்காமவர் பேச்சிலேயே வருவதில்லை.

எண்ணில்லாத வேலை

இந்த வேலைக்கு நிலையான பெயர் கிடையாது. சூப்பர்வைசர், கோ-ஆர்டினேட்டர், ஃபீல்டு மேனேஜர் என்று ஏஜென்சிக்கு ஏஜென்சி மாறும். வேலை மட்டும் ஒன்றே: ஆள் தேடுவது, பழக்குவது, வீடு பார்த்து அனுப்புவது, வருகைக் கணக்கு வைப்பது, நேரில் போய்ப் பார்ப்பது, சச்சரவு தீர்ப்பது, சம்பளம் போய்ச் சேர்ந்ததா என்று கவனிப்பது.

உலகத் தொழிலாளர் அமைப்பின் தொழில் வகைப்பாட்டில் வீட்டுக்குச் சென்று கவனிக்கும் பராமரிப்பாளருக்கு 5322 என்ற எண் உண்டு. முதியோர் பராமரிப்புச் சேவை மேலாளருக்கு 1343. சுத்தப் பணியாளர்களின் மேற்பார்வையாளருக்கு 5151, கடைச் சிப்பந்திகளின் மேற்பார்வையாளருக்கு 5222. வீட்டுப் பராமரிப்பாளர்களை மேற்பார்வை செய்பவருக்கென்று ஓர் எண்ணை அந்தப் பட்டியலில் தேடினால் கிடைக்காது.

சூப்பர்வைசர்கள் பெரும்பாலும் பெண்கள். இரண்டு வழிகளில் இங்கே வந்து சேர்கிறார்கள். நர்சிங் படித்து, மருத்துவமனை வேலையை ஏதோ ஒரு காரணத்துக்காக விட்டவர்கள் ஒரு வகை. அட்டெண்டராகவே தொடங்கி, பத்து வீடு பார்த்து, போனில் பேசத் தெரிந்ததால் மேலே வந்தவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினருக்கு நோயாளியின் உடம்பு பிடிபடும், இரண்டாம் வகையினருக்கு வீடு பிடிபடும். ஆள் நிலைக்காமல் போவதற்கு நோயைவிட வீடே அதிகம் காரணம். அப்படியிருந்தும் அனுபவத்தில் வந்தவர்களை இந்தத் துறை உரிய அளவு மதிப்பதில்லை என்றே சொல்ல வேண்டும்.

┌ பெட்டிச் செய்தி: மூப்படையும் மாநிலம்
2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம். 2021-க்கான கணிப்பில் அது 13.6. நாட்டின் சராசரியோ 10.1தான். பெரிய மாநிலங்களில் கேரளம் (16.5) மட்டுமே முன்னால் நிற்கிறது. 2031-இல் தமிழ்நாட்டில் இந்த விகிதம் 18.2 ஆகும் என்று மக்கள்தொகை நிபுணர் குழு கணித்திருக்கிறது.
2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. 2024 பிப்ரவரியில் கிண்டி கிங் நிலைய வளாகத்தில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் திறக்கப்பட்டது. வந்து போகும் செவிலியருக்கும் மருத்துவமனைக் கட்டிலுக்கும் இடையே மீதமிருக்கும் நீண்ட மணிநேரங்களைத்தான் ஏஜென்சிகள் நிரப்புகின்றன. ┘

ஆள் பொருத்தம்

வீட்டார் முதலில் கேட்பது, “நல்ல ஆளா அனுப்புங்க.” சூப்பர்வைசருக்கு அது போதாது. நோயாளியின் எடை என்ன? 85 கிலோ மனிதரை 45 கிலோப் பெண்ணால் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற முடியாது. இருவருக்குமே முதுகு போகும். லிஃப்ட் உண்டா? மேற்கத்திய கழிப்பறையா, இந்திய முறையா? வேறு யார் யார் வீட்டில் இருக்கிறார்கள்? இரவில் தூங்குவாரா, எழுந்து நடமாடுவாரா? யூரின் பேக் இருக்கிறதா? பேசுவது என்ன மொழி? தங்கி வேலை பார்ப்பவர் என்றால், அவர் படுக்கப்போவது எங்கே?

கடைசிக் கேள்விக்கு வரும் பதிலிலேயே அந்த வீட்டில் ஆள் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார் என்பதை அனுபவசாலிகள் கணித்துவிடுவார்கள். “கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுக்கட்டும்” என்றால் ஒரு கணக்கு, “பக்கத்து ரூம்ல ஒரு கட்டில் இருக்கு” என்றால் வேறொரு கணக்கு.

வீட்டார் சொல்லாமல் விடும் விஷயங்களால் வரும் தலைவலி இன்னும் பெரியது. மறதி நோய் முற்றிய பெரியவர் கை ஓங்குவார் என்பதையோ, இதற்கு முன் மூன்று பேர் ஓடிப்போனார்கள் என்பதையோ முதல் அழைப்பில் யாரும் சொல்வதில்லை. காசநோய் இருப்பதைக்கூட மறைத்து ஆள் கேட்பவர்கள் உண்டு. இரண்டாம் நாளே பெண் அழுதுகொண்டு திரும்பி வரும்போதுதான் உண்மை வெளியே வரும். அதனால்தான் தேர்ந்த சூப்பர்வைசர்கள் டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிப் பார்க்காமல் ஆள் அனுப்புவதில்லை. ஆரம்பத்திலேயே ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிடவும் செய்கிறார்கள்.

இன்னொரு கேள்வி சுற்றி வளைத்து வரும். “சைவமா இருந்தா நல்லது” என்பது சில வீடுகளில் சமையலறைப் பழக்கம். சில வீடுகளில் அது முன்னுரைதான். அடுத்து, “எந்த ஊரு? என்ன ஆளுங்க?” மலம் துடைக்க ஒரு சாதி, தண்ணீர் கொடுக்க ஒரு சாதி என்று பிரித்துக் கேட்கும் வீடுகள் 2020-களின் சென்னையிலும் கோவையிலும் இருக்கின்றன. தனி டம்ளரும் தனித் தட்டும் இருக்கின்றன. ஊரைச் சொல்லிவிட்டு மற்றதைக் காதில் வாங்காததுபோல் பேச்சை மாற்றுவது சூப்பர்வைசர்கள் கையாளும் வழி. கேட்டதற்கேற்ப ஆளைப் பொறுக்கி அனுப்புவதும் நடக்கிறது. போட்டி மிகுந்த தொழிலில் வாடிக்கையாளரை இழக்க ஏஜென்சி முதலாளிகள் விரும்புவதில்லை. அவமானத்தைப் பராமரிப்பாளரிடம் எப்படிச் சொல்வது என்கிற பொறுப்பு மட்டும் சூப்பர்வைசரிடம் வந்து நிற்கிறது.

நர்ஸா, அட்டெண்டரா?

‘ஹோம் நர்ஸ்’ என்று பேச்சுவழக்கில் சொல்லப்படுபவர்களில் பெரும்பாலோர் நர்ஸ் அல்லர். ஏ.என்.எம். 2 ஆண்டுப் படிப்பு, ஜி.என்.எம். 3, பி.எஸ்சி. நர்சிங் 4. படித்து முடித்து மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தவரே நர்ஸ். அட்டெண்டர்களில் சிலர் பொதுப் பணி உதவியாளர் என்ற சில மாதத் திறன் பயிற்சி முடித்திருப்பார்கள். பலர் பயிற்சி என்று பெற்றதே ஏஜென்சி அலுவலகத்தின் பின்னறையில் ஒரு கட்டிலையும் பொம்மையையும் வைத்துச் சூப்பர்வைசர் காட்டிக்கொடுத்த சில நாள் பாடம்தான்.

குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, புரட்டிப் படுக்க வைப்பது, ஊட்டுவது, கைத்தாங்கலாக நடக்க வைப்பது, பிரித்து வைத்த மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக்கொடுப்பது ஆகியவை அட்டெண்டரின் எல்லைக்குள் வருபவை. ஊசி, சலைன், மூக்குக் குழாய் போடுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது ஆகியவை எல்லைக்கு வெளியே. ஏற்கெனவே போட்டிருக்கும் மூக்குக் குழாயில் உணவு கொடுக்கும் வேலை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பழக்கிய ஆளே அதைச் செய்ய வேண்டும். தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்த வேண்டும். குழாய் இடம் மாறவில்லை என்று பார்த்த பிறகே உணவு. முடிந்ததும் தண்ணீர் விட்டுக் குழாயைச் சுத்தம் செய்து, அரை மணி நேரமாவது அதே நிலையில் உட்கார வைத்திருக்க வேண்டும். அவசரத்தில் படுக்கப்போட்டால் உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் முடியலாம்.

எல்லையைத் தாண்டச் சொல்லி வற்புறுத்துவது பெரும்பாலும் வீட்டார்தான். “இன்சுலின்தானே, நீயே போட்டுடும்மா. நர்ஸுக்குத் தனியா யாரு பணம் குடுக்கிறது?” அந்தப் பெண் மறுத்தால் ‘வேலை தெரியாத ஆள்’ என்று பெயர். போட்டு, சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வந்தால் ‘கொல்லப் பார்த்த ஆள்’. முதல் நாளே இரு தரப்பையும் உட்கார வைத்து எல்லையை எழுத்தில் வாங்கும் சூப்பர்வைசர் தன் ஆளை இந்த இரண்டு பழியிலிருந்தும் காப்பாற்றிவிடுகிறார். எழுதி வாங்கும் வழக்கம் இல்லாத ஏஜென்சிகளே மிகுதி.

நோட்டும் குதிகாலும்

தொழிற்சாலைச் சூப்பர்வைசர் கண்ணெதிரே வேலை நடக்கும். இவருடைய ஆட்களோ ஆளுக்கொரு வீட்டில், மூடிய கதவுக்குப் பின்னால் வேலை பார்க்கிறார்கள். வருகையை செல்ஃபியும் லொகேஷனும் காட்டிவிடும். பராமரிப்பை அவை காட்டாது. நேரில் போனால்தான் தெரியும். சொல்லாமல் போவதே நல்லது.

முதலில் கையில் எடுப்பது நோட்டுப் புத்தகம். காய்ச்சல், ரத்த அழுத்தம், கொடுத்த உணவு, சிறுநீர் அளவு, மலம் போனது, புரட்டிப் படுக்க வைத்த நேரம் என்று கட்டம் போட்ட பக்கங்கள். பழகிய கண்ணுக்கு எழுத்தைவிட எழுதிய விதம் அதிகம் சொல்லும். மூன்று நாள் பதிவும் ஒரே மையில், ஒரே சாய்வில் இருந்தால் அது ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதியது. சிறுநீர் அளவு தினமும் சொல்லிவைத்தாற்போல் 1,500 மில்லி என்றிருந்தால் யாரும் அளக்கவில்லை. ஓர் இரவுப் பதிவில் இரண்டு மணி, நான்கு மணி, ஆறு மணி என்று நிமிடம் பிசகாமல் புரட்டிப் போட்டிருந்தால், அந்த இரவில் எல்லோரும் நன்றாகத் தூங்கியிருக்கிறார்கள்.

பிறகு போர்வையை விலக்குகிறார். குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதி. படுக்கைப் புண் பெரும்பாலும் இந்த இடங்களில்தான் தொடங்கும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுக்கிறார். வெளுத்து, மறுபடி சிவந்தால் பரவாயில்லை. அழுத்தியும் சிவப்பு மாறாவிட்டால் அது முதல் நிலைப் புண். மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு எளிதில் தெரியாது. தொட்டுப் பார்த்துச் சூடு, கெட்டித்தன்மையைக் கொண்டே கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடும் விதி இதற்காகத்தான். காற்று மெத்தை வாங்கிப் போட்டாகிவிட்டது, இனிப் புரட்ட வேண்டாம் என்று வீட்டாரும் நினைக்கிறார்கள், பராமரிப்பாளரும் நினைக்கிறார். அந்த மெத்தையின் மோட்டார் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதில் போன் சார்ஜ் போட்டிருப்பது சூப்பர்வைசர்கள் அடிக்கடி காணும் காட்சி.

நோயாளியைப் பார்த்து முடித்ததும் பராமரிப்பாளரைப் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் எதிரில் கேட்டால், “எல்லாம் நல்லாத்தான் இருக்கு மேடம்” என்றுதான் பதில் வரும். “கீழ வரைக்கும் வந்து விட்டுட்டுப் போம்மா” என்று மாடிப்படியில் கூட்டி வந்தால் பேச்சு மாறும். காலையில் ஒரு காபியோடு சரி, சாப்பாடு மூன்று மணிக்கு. இரவில் நான்கு முறை எழுப்புகிறார்கள். பேரப்பிள்ளைகளின் துணியையும் துவைக்கச் சொல்கிறார்கள். மேற்பார்வையில் உருப்படியான பாதி அந்த மாடிப்படியில்தான் நடக்கிறது. நோயாளியைக் கவனிக்க வந்தவரை வீட்டு வேலைக்காரியாக்குவது இந்தத் தொழிலின் நிரந்தரப் புகார். மீண்டும் மாடியேறி, முகம் கோணாமல் அதை வீட்டம்மாவிடம் சொல்லிவிட்டு வருவதற்குத் தனித் திறமை வேண்டும்.

168 மணி நேரக் கணக்கு

வாரத்துக்கு 168 மணி நேரம். வாரம் 48 மணி நேர வேலை என்ற பொதுக் கணக்கில் ஒரு கட்டிலை இரவும் பகலும் பார்த்துக்கொள்ள மூன்றரை ஆட்கள் தேவை. ஏஜென்சிகளில் நடைமுறை 12 மணி நேர ஷிஃப்ட். வாரத்தில் ஆறு நாள் வந்தால் ஓர் ஆளுக்கு 72 மணி நேரம். அப்படிப் பார்த்தாலும் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர் போதாது. இருவரின் ‘ஆஃப்’ நாளையும் நிரப்ப ஒரு ரிலீவர் வேண்டும். தங்கி வேலை பார்ப்பவர் என்று ஒரே ஆளைப் போடும்போது, அந்த 168-உம் ஒருவர் தலையில் விழுகிறது. இரவில் தூங்கிக்கொள்ளலாம் என்பார்கள். இரண்டு மணிக்கொருமுறை புரட்ட வேண்டிய நோயாளி பக்கத்தில் என்ன தூக்கம் என்பதை எந்த ஒப்பந்தமும் சொல்வதில்லை.

இந்தக் கணக்கில் விழும் ஓட்டையை அடைப்பதே சூப்பர்வைசரின் அன்றாடம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகக் கேட்பவர்களின் பட்டியல் ஒரு மாதம் முன்பே தொடங்கும். ஆடியில் குலதெய்வக் கோயில் கூழ், ஜூனில் பள்ளித் திறப்பு, அவ்வப்போது ஊரில் ஒரு சாவு. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண்கள் ஊருக்குப் போனால் திரும்பி வரும் நாள் நிச்சயமில்லை. ஒடிசா, அசாமிலிருந்து வந்தவர்கள் போனால் ஒரு மாதம் ஆகும். அட்டெண்டர்களில் பலரும் குடும்பச் சுமையைத் தனியாகச் சுமப்பவர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அவர்களுக்குப் பதில் ஆள் கிடையாது. “லீவு போட்டா சம்பளம் கட்” என்று மிரட்டிப் பார்க்கும் சூப்பர்வைசரின் ஆட்கள் போனை அணைத்துவிடுகிறார்கள். முன்கூட்டிச் சொன்னால் திட்டமாட்டார் என்ற நம்பிக்கையைப் பெற்றவருக்கு முந்தின இரவே தகவல் வந்துவிடுகிறது.

2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது இந்தத் தொழிலிலும் ஒரு மாற்றம் நேர்ந்தது. தூரத்து வீட்டை ஒப்புக்கொள்வதற்கு இருந்த பஸ் செலவு என்ற தடை குறைந்தது. வீடு ஒதுக்கும்போது சென்னைச் சூப்பர்வைசர்கள் வரைபடத்தோடு பேருந்துத் தடத்தையும் மனதில் வைத்துக்கொள்கிறார்கள். இரண்டு பஸ் மாற வேண்டிய வீட்டுக்கு ஏழு மணி ஷிஃப்ட் சரிப்படாது.

நகை காணோம்

“அலமாரியில வெச்ச வளையலைக் காணோம்” என்ற அழைப்பு வந்தால் மற்ற எல்லா வேலையும் நின்றுவிடும். வீட்டில் வெளியாள் ஒருவர்தான்; சந்தேகம் அவர் மேல்தான். உண்மையிலேயே எடுத்தவர்கள் உண்டு. மறதி நோயுள்ள பாட்டியே தலையணை உறைக்குள் ஒளித்து வைத்த கதைகளும், மருமகள் லாக்கரில் வைத்ததை மாமியார் மறந்த கதைகளும் அதே அளவுக்கு உண்டு.

இங்கே சூப்பர்வைசர் யார் பக்கம்? பணம் கட்டுவது வீட்டார், ஆளை அனுப்பியது ஏஜென்சி. நிதானமுள்ளவர்கள் இப்படிச் செய்கிறார்கள்: தான் வரும்வரை யாரையும் சோதனை போட வேண்டாம் என்று போனிலேயே சொல்கிறார்கள். நேரில் போனதும் பராமரிப்பாளர் தன் பையைத் தானே திறந்து காட்டச் சம்மதித்தால் இரு தரப்பின் எதிரிலும் திறக்க வைக்கிறார்கள். உடம்பைத் தொட்டுச் சோதிக்க யாரையும் விடுவதில்லை. சந்தேகம் தீரவில்லையென்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம், பெண்ணை அறையில் பூட்டி வைக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள். இதைவிட நல்லது முதல் நாளே செய்யும் ஏற்பாடு: நகை, பணம் பூட்டில், சாவி வீட்டாரிடம், சேர்வதற்கு முன்பே அடையாளச் சான்றும் போலீஸ் சரிபார்ப்பும்.

கேமரா அண்மைக்காலச் சிக்கல். பெற்றோரைப் பார்க்க வேண்டும் என்று வெளிநாட்டுப் பிள்ளைகள் படுக்கையறையில் பொருத்துகிறார்கள். அதே அறையில்தான் முதியவரைத் துடைத்து உடை மாற்றுவதும் நடக்கிறது. அதே அறையில்தான் தங்கும் பெண் தூங்குகிறார், புடவை மாற்றுகிறார். கேமரா எங்கே இருக்கிறது என்று முன்கூட்டிக் கேட்பதும், அவர் உடை மாற்றக் கேமரா இல்லாத ஓர் இடத்தைக் கேட்டு வாங்குவதும் இப்போது சூப்பர்வைசரின் வேலைப் பட்டியலில் சேர்ந்திருக்கின்றன.

கேமராவில் சிக்காத தொல்லைகளும் உண்டு. மூளை பாதித்த நோயாளியின் கை தவறான இடத்துக்குப் போவது ஒன்று; தெளிவான புத்தியோடு வீட்டு ஆண் செய்வது இன்னொன்று. முதலாவதற்குப் பயிற்சியும், தேவைப்பட்டால் ஆண் பராமரிப்பாளரும் தீர்வு. இரண்டாவது குற்றம். 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வீட்டையும் பணியிடமாகக் கொள்கிறது. ஏஜென்சி வழியே வந்த வீட்டுப் பணியாளரையும் சேர்த்துக்கொள்கிறது. புகாரை மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் கொடுக்கலாம். முகாந்திரம் இருந்தால் அந்தக் குழு 7 நாளுக்குள் புகாரைக் காவல்துறைக்கு அனுப்பியாக வேண்டும். நடப்பது என்னவோ, “அந்த வீட்டுக்கு இனிமே பெண் ஆள் அனுப்பறதில்லை” என்ற சத்தமில்லாத முடிவு. அந்த முடிவால் ஏஜென்சிக்கு நட்டமில்லை. அந்த வீடு அடுத்த ஏஜென்சியைத் தேடிப் போகிறது. இதே சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் ஏஜென்சியில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பதை அறிந்த சூப்பர்வைசர்கள் குறைவு.

┌ பெட்டிச் செய்தி: வாசலுக்கு ஒரு சட்டம்
அந்த மேற்கு மாம்பலத்து அடுக்ககத்தின் கேட்டில் நிற்கும் காவலாளியை அனுப்பும் நிறுவனத்துக்கு, 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிமம் கிடைத்த 60 நாளுக்குள் சூப்பர்வைசரை நியமிக்க வேண்டும். 2006-இல் வந்த மத்திய மாதிரி விதிகள் காவலாளிக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப் பயிற்சியும் வகுத்தன. 15 காவலாளிகளுக்கு ஒரு சூப்பர்வைசர். வெவ்வேறு இடங்களில் நிற்பவர்கள் என்றால் ஆறு பேருக்கே ஒருவர்.
இரண்டாவது மாடியில் மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றுபவருக்கும் அவரை மேற்பார்க்கிறவருக்கும் இப்படியொரு தனி மத்தியச் சட்டம் கிடையாது. ┘

யார் முதலாளி?

சட்டத்தில் பராமரிப்பாளர்கள் நிற்கும் இடம் மங்கல். ஏஜென்சிகளில் இரண்டு மாதிரி உண்டு. ஒன்று, வீட்டாரிடம் மாதத் தொகை வாங்கி, தன் பங்கை எடுத்துக்கொண்டு சம்பளம் தருவது. மற்றொன்று, அறிமுகக் கட்டணமோ மாதக் கமிஷனோ வாங்கிக்கொண்டு சம்பளத்தை வீட்டாரே நேரடியாகத் தரும்படி விடுவது. முதல் மாதிரியில் ஏஜென்சியே முதலாளி என்று வாதாடலாம். 10 பேரோ அதற்கு மேலோ இருந்து, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ.; 20 பேர் என்றால் பி.எஃப். இரண்டாவது மாதிரியில், “நாங்க அறிமுகம் மட்டும்தான்” என்று ஏஜென்சி கையை விரிக்கும். இடுப்பு பிடித்துப்போன பராமரிப்பாளர் யாரிடம் போவார்? அவருக்குத் தெரிந்த முதலாளி போனில் பேசும் ‘மேடம்’ ஒருவர்தான்.

தமிழ்நாடு 2007-இல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் அமைத்தது. 2018-இல் வீட்டு வேலைக்கு மணிக்கு 37 ரூபாயிலிருந்து தொடங்கும் குறைந்தபட்சக் கூலியை அறிவித்தது. வாரியத்தில் பதிவு செய்யும் வேலையைப் பெரும்பாலும் தொழிற்சங்கங்களே செய்கின்றன. ஏஜென்சிகளுக்கு அதில் அக்கறையில்லை. வீட்டுப் பணியாளர் உரிமைக்கான உலகத் தொழிலாளர் அமைப்பின் 189-ஆவது உடன்படிக்கை 2011-இல் நிறைவேறியபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. 2025 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம், வீட்டுப் பணியாளர்களுக்கான சட்டக் கட்டமைப்பை ஆராய நிபுணர் குழு அமைக்கும்படி மத்திய அரசைப் பணித்தது. அந்த வழக்கே ஒரு வீட்டுப் பணிப்பெண்ணை அடைத்து வைத்ததாகவும் கடத்தியதாகவும் எழுந்த புகாரிலிருந்து வந்தது. அவரை வேலைக்குச் சேர்த்துவிட்டது ஓர் ஏஜென்சி.

சில நாடுகளில் மேற்பார்வையாளர் பொறுப்பே சட்டத்தின் பிடிமானம். இங்கிலாந்தில் வீட்டுப் பராமரிப்பு நிறுவனம் நடத்த, கண்காணிப்பு ஆணையத்தில் பெயர் பதிவான மேலாளர் ஒருவர் வேண்டும். தவறு நேர்ந்தால் அவர் பதில் சொல்ல வேண்டும். ஜப்பானில் 2000-இல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு வந்தபோது பராமரிப்பு மேலாளர் என்ற தேர்வெழுதிப் பெறும் தகுதியும் கூடவே வந்தது. இங்கே பொறுப்பு உண்டு, தகுதிச் சான்றும் அதிகாரமும் இல்லை.

┌ பெட்டிச் செய்தி: ஆள் எடுக்கும் முன்
சம்பளம் தருவது யார், அதில் பராமரிப்பாளர் கைக்குப் போவது எவ்வளவு என்று ஏஜென்சியிடம் கேட்டு எழுத்தில் வாங்குவது நல்லது. ஒரு சூப்பர்வைசரின் கீழ் எத்தனை வீடுகள், அவர் மாதம் எத்தனை முறை நேரில் வருவார், ஆள் வராத நாளில் மாற்று ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார் என்பவை அடுத்த கேள்விகள். வார விடுப்பு நாள் எது என்பதை முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும்.
முதியோர் உதவி எண் 14567. பெண்கள் உதவி எண் 181. ┘

மேடத்துக்கு ‘ஆஃப்’ உண்டா?

நூறு பேரின் விடுப்பைக் கணக்கு வைக்கும் சூப்பர்வைசருக்கு ரிலீவர் கிடையாது. போன் இரவிலும் திறந்திருக்க வேண்டும். அமெரிக்காவிலிருக்கும் பிள்ளைகளுக்கு அப்போதுதான் பகல். ஆள் நின்றால் கமிஷன், நிற்காவிட்டால் பிடித்தம் என்ற முறை இருக்கும் இடங்களில், நிற்கக் கூடாத வீட்டிலும் ஆளை நிற்கச் சொல்லும் நெருக்கடி அவருக்கு. நோயாளி இறந்தால் அந்த வீட்டின் வருமானம் அன்றோடு நிற்கும். துக்க வீட்டில் பாக்கிப் பணத்தைக் கேட்டு வாங்குவதும், பல மாதம் பார்த்துக்கொண்டவரை இழந்து அழும் பராமரிப்பாளருக்கு மறுநாளைக்கே வேறு வீடு தேடுவதும் அவர் வேலைதான்.

அவர் கட்டிய ஏற்பாடு கலைவதும் எளிது. ஆள் பிடித்துப்போனால், “ஏஜென்சிக்குக் குடுக்கிறதை உனக்கே தர்றோம்” என்று சில வீட்டார் பராமரிப்பாளரைத் தனியே பேசி எடுத்துக்கொள்கிறார்கள். இருவருக்கும் லாபம்தான், முதல் லீவு வரும்வரை. மாற்று ஆள் இல்லாத அன்று அதே எண்ணுக்கு மறுபடி அழைப்பு வரும். பெரும்பாலான சூப்பர்வைசர்கள் ஒரு வார்த்தை குத்திக்காட்டிவிட்டு ஆள் அனுப்பிவிடுகிறார்கள்.

மேலே உயர இடம் குறைவு. பெரிய நிறுவனங்களில் கிளை மேலாளர் பதவிக்குப் பட்டம் கேட்கிறார்கள். அட்டெண்டராக இருந்து வந்தவரிடம் அது இருக்காது. சில ஆண்டுகளில் அவர்களில் பலர் தேர்ந்தெடுப்பது வேறு வழி. கையிலிருக்கும் போனில் முந்நூறு பராமரிப்பாளர்களின் எண்களும் நூறு வீடுகளின் எண்களும் இருக்கின்றன. வேண்டியது ஒரு விசிட்டிங் கார்டு, ஒரு வாட்ஸ்ஆப் பிசினஸ் கணக்கு, மருத்துவமனை டிஸ்சார்ஜ் கவுன்ட்டரில் தெரிந்த ஒருவர். உரிமம் கேட்க யாருமில்லாததால் அடுத்த மாதமே ஒரு புது ஏஜென்சி பிறந்துவிடுகிறது. பழைய ஏஜென்சி அந்த இடத்துக்கு, நன்றாகப் போன் பேசும் இன்னொரு அட்டெண்டரைப் பார்த்து வைத்திருக்கும்.